கெபி வரைக்கும் நடை

நம் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வத்தை என்கிற சின்னப் படகில் ஏறி மீன் பிடிக்கப் போனவன் நான். எழுத வருகிற அளவுக்கு எழுதுகிறேன். பிள்ளைகளே, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி நல்ல கனத்த உடம்புக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் கரையோரம் நடந்து வந்தால், "ஏலே, வத்தை ஒண்ணு வருது, ஒதுங்கு!" என்று எங்கள் ஆட்கள் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குள் வந்த பிறகு வெகுநேரம் யாரிடமும் பேசமாட்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே எங்களை விட்டுப் போய்விட்டது. அவள் பிழைத்து எழுந்ததே பெரும்பாடாக இருந்தது. அதனால் மறுபடியும் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது எங்களுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இந்தத் தடவை மருத்துவச்சியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று, ரயிலேறி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே எடை பார்க்கும் மேடையைக் கண்டதும் அவள் பின்வாங்கினாள்.

"நிறுத்துப் பாக்குறதுக்கு நான் என்ன கருவாட்டு மூட்டையா? ஏற மாட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே முதலில் ஏறி நின்றார். "என் எடையை நீ பாரும்மா. அப்புறம் உன் எடையை நான் பார்க்கிறேன்" என்றார். அவரும் ஒன்றும் ஒல்லி இல்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள்.

அவர் சொன்னது இதுதான். கனத்த உடம்போடு பிள்ளை பெறும்போது ரத்தக் கொதிப்பு ஏறலாம், பிரசவம் சிரமப்படலாம். ஆனால் பயந்துகொண்டு உட்கார வேண்டாம், பார்த்து நடந்துகொண்டால் போதும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்னு சொல்லுவாங்க. உள்ளே இருக்கிறது கையகலப் பிள்ளை. அதுக்கு எதுக்கும்மா பெரிய ஆள் சாப்பாடு?" என்று கேட்டார். சோற்றைக் குறைத்து, குழம்பு மீனும் கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எண்ணெயில் பொரித்ததையும் கருப்பட்டிப் பலகாரத்தையும் எப்போதாவது வைத்துக்கொள்ளச் சொன்னார். தினமும் சாயங்காலம் மெதுவாக நடக்க வேண்டும். கடைசியாக என் பக்கம் திரும்பி, "இளைக்கிறதுக்கு இது நேரமில்லை. பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது. நீங்கதான் கூட இருந்து பார்க்கணும்" என்றார்.

நடப்பது என்றால் எங்கே நடப்பது? எங்கள் ஊரில் எங்கே கால் வைத்தாலும் மணல். கனத்த உடம்புக்கு ஓரெட்டு வைத்தாலே கால் புதையும். கெட்டித் தரையாக இருந்தது ஒரே ஒரு பாதை. தெருவிலிருந்து பனைமரங்களுக்கு நடுவே மாதா கெபிக்கு, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் குகைக்கு, போகிற பாதை. ஜனங்கள் காலங்காலமாக ஜெபிக்கப் போய் வந்து இறுகிப்போன தரை அது.

அங்கேயே நடந்தோம். புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து நடக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே நான் முன்னால் விறுவிறுவென்று போவேன்.

"இப்படி ஓடுனா எப்படி? என்னயக் கயிறு போட்டு இழுத்துட்டுப் போறீகளா?" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

அப்புறம் வெட்கத்தை விட்டு அவளுக்குச் சரியாகவே நடந்தேன்.

இன்னொரு சங்கடம் தெருவிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் ஒருத்தி முழுகாமல் இருந்தால், எந்த அடுப்பில் மணம் வந்தாலும் அவளுக்கு ஒரு கிண்ணம் போய்ச் சேர வேண்டும். அதிலும் பக்கத்து வீட்டு மதினிக்கு மனசு பெரிசு. என் பெரியப்பா மகனைக் கட்டியவள், தலைச்சுமையாக மீன் விற்கிறவள். கருப்பட்டிப் பணியாரம் சுட்டால் முதல் ஈடு எங்கள் வீட்டுக்குத்தான். என் மனைவி "வேண்டாம்க்கா" என்றதும் மதினிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏத்தா, எங்க வீட்டு எண்ணெ ஒன் தொண்டையில எறங்காதோ?"

டாக்டர் சொன்னதைச் சொன்னால் முடிந்தது. ஆனால், கனத்த உடம்பு என்று டாக்டரே சொன்னதைத் தன் வாயால் தெருவில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கூச்சம். அந்தப் பணியாரத்தையெல்லாம் நான்தான் தின்று தீர்த்தேன்.

சில நாளில் தெருவின் பேச்சு தானாக மாறியது. தினமும் கெபிக்குப் போகிறாள், போனதும் சிலுவை போட்டுக் கும்பிட்டுத் திரும்புகிறாள், பலகாரத்தைத் தொடமாட்டேன் என்கிறாள். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த மதினி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"அவ மாதாவுக்கு நேர்த்தி வச்சு நடக்குறா! அது தெரியாம நான் வஞ்சுபுட்டேனே!"

அதோடு கிண்ணங்கள் நின்றன. கேலியும் நின்றது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆட்கள் அவள் வந்தால் காலை மடக்கி வழி விட்டார்கள். எங்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் உறுத்தல்.

"சொல்லிருவமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுமே. இப்பத்தான் ஒருத்தரும் என்னயப் பாத்துச் சிரிக்கல" என்றாள்.

சரி, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் நேர்த்தி என்றால் நடை மட்டும் போதாது. ஒருசந்தி இருப்பார்கள், அதாவது ஒருவேளைச் சாப்பாடு. மதினி அதையும் விடவில்லை. "நேர்த்திக்காரி காலையில வகுறு நெறயச் சாப்புடலாமாத்தா?" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவேன். மத்தியானம் வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ஆச்சு" என்பாள். உண்மையில் காலையில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு இருந்திருக்கிறாள். தெரு கொடுத்த மரியாதை அவளை அப்படிக் கட்டிப்போட்டுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம். கெபிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. அவள் என் தோளைப் பிடித்தாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "கண்ணு இருட்டுது" என்று சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்ததும், முதல் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் போட்ட கூப்பாட்டில் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையோடு கஞ்சிச் சட்டியைக் கொண்டுவந்திருந்தாள்.

மதினி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தடுத்தாள். "தண்ணி மட்டும் குடு. கெபிக்குப் போகாம வாயில கஞ்சி வச்சா நேர்த்தி முறிஞ்சிரும். புள்ளைக்கு ஆகாது. தூக்கியாச்சும் மாதாகிட்டக் கொண்டுபோயிருவோம்!"

கெடுதல் நினைத்துச் சொன்ன சொல் இல்லை அது. சொல்லும்போதே மதினி அழுதுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். என் மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அக்கா, நேர்த்தி ஒண்ணும் கெடயாதுக்கா" என்றாள். மூச்சு வாங்கியது. "எனக்கு ஒடம்பு கனம். இப்படியே விட்டா போன தடவை மாதிரி ஆயிரும்னுதான் டாக்டரம்மா நடக்கச் சொன்னாக. பாத்துச் சாப்புடச் சொன்னாக. அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. பட்டினியும் கெடக்கக் கூடாதுன்னு சொன்னாக. அந்தக் கஞ்சியக் குடுங்கக்கா."

மதினி பிடித்திருந்த கையை விட்டாள்.

"அப்ப மாதா பேரச் சொல்லி எங்கள ஏமாத்துனியா?" என்று கேட்டாள் மதினி.

"நான் எங்கக்கா சொன்னேன்? நீங்கதான சொன்னீக!"

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சிச் சட்டியை வாங்கித் தன் கையாலேயே அவளுக்குப் புகட்டினாள். "வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருந்த? மொதல்லயே சொல்லித் தொலச்சா என்ன!" என்று திட்டிக்கொண்டே புகட்டினாள். முகத்தில் தெளிச்சம் வந்ததும் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்தோம். மறுநாளே ராமநாதபுரம் போய்க் காட்டினோம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன டாக்டரம்மா, பட்டினி கிடந்ததற்காக எங்கள் இருவரையும் நன்றாகக் கடிந்துகொண்டார்.

ஊருக்குத் திரும்பும்போது, பழைய கேலி மறுபடி தொடங்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால் சாயங்காலம் மதினி வாசலில் வந்து நின்றாள். "ஏத்தா, கெளம்பு. நேர்த்தின்னா அது ஒன்னோட போயிரும். டாக்டர் சொன்ன மருந்துன்னா எனக்கும் ஆகும்ல? மீன் கூடை சொமந்து சொமந்து எனக்கும் முட்டி வலிக்கிது" என்றாள். நான் வழக்கம்போலத் துண்டை எடுத்துத் தோளில் போட்டதும், "நீங்க எங்க வாறீக கொழுந்தனாரே? வீட்ல இருந்து வலையப் பொத்துங்க" என்று துரத்திவிட்டாள்.

அன்றிலிருந்து பெண்கள் கூட்டமாக நடந்தார்கள். கிண்ணங்களும் மறுபடி வந்தன. ஆனால் பணியாரத்துக்குப் பதில் முருங்கைக்கீரையும் அவித்த பயறும் வந்தன. காலையில் நான் கடலில் இருக்கும் நேரம், மதினி வந்து சட்டியைத் திறந்து பார்த்து, சாப்பிட்டாளா என்று உறுதிசெய்துகொண்டுதான் மீன் கூடையைத் தூக்குவாளாம். நான் ஒருத்தன் பார்க்க முடியாததைத் தெருவே பார்த்துக்கொண்டது.

மாதம் நெருங்கியதும் முன்கூட்டியே ரயிலேறி, ஆஸ்பத்திரியில் போய்த் தங்கினோம். ஒரு முற்பகல் நேரத்தில் பிரசவம் ஆயிற்று. நான் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அது போதவில்லை எனக்கு. அவளுடைய குரல் கேட்க வேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், "எனக்குப் பசிக்கிது, ஏதாச்சும் குடுங்க" என்று அவள் கேட்டது நன்றாகக் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பெண் பிள்ளை. இப்போது உங்களைப் போலப் பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளைகளே, உடம்புக்கு ஒன்றென்றால் அதை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நம்மேல் பிரியம் உள்ளவர்களுக்கும் எப்படி உதவுவது என்று தெரியாமல் போகும். அத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு, வெட்கத்தை விழுங்கிவிட்டு என் மனைவி உண்மையைச் சொன்னாளே, அந்தத் தைரியத்தால்தான் தாயும் பிள்ளையுமாக இரண்டு பேர் என் வீட்டில் இருக்கிறார்கள் என்று, கரைக்கு வந்து வாசலில் கால் வைக்கும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.