வாப்பா பூசிய எண்ணெய்

மருதமுனையில் கடற்காற்றுக்குச் சைக்கிள் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஆனால், சைக்கிள்களை லொறியில் ஏற்றிக்கொண்டு கூட்டாளிகளோடு தூரத்து மலைப்பாதையில் ஓட்டப் புறப்பட்ட அன்று என் சைக்கிள் புதிதுபோல் மினுங்கியது. ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் அது நிற்கவில்லை.

"மச்சான், பத்தைக்குள்ள உடு" என்று பின்னால் வந்த கூட்டாளி கத்தினான். திருப்பினேன். முட்புதர்ப் பற்றை என்னைத் தாங்கிக்கொண்டது, அதற்கப்பால் பள்ளம். சில்லின் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். பிரேக் கட்டை பிடிக்கும் இடமெல்லாம் தேங்காயெண்ணெய்.

வீட்டு வாசலில் வாப்பா காத்திருந்தார். "துருப்பிடிக்காம எண்ணெ பூசி வச்சன். எப்படி மகன் ஓடிச்சு?"

"நல்லா ஓடிச்சு வாப்பா" என்றேன்.

இன்றும் அவர் பூசுகிறார். நான் தெருமுனை தாண்டி இறங்கி, சவர்க்கார நுரைத் துணியால் சில்லைத் துடைத்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகே ஏறுகிறேன்.