வெளியே திறக்கும் கதவு

கரிசலில் கட்டடம் நிற்காது என்றார்கள். மழைக்கு ஊதி வெயிலுக்குப் பிளக்கும் அந்த மண்ணில், கோவில்பட்டியைச் சுற்றி ஒன்பது தீப்பெட்டி ஆபீஸ் கட்டினேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கழுகுமலை ரோட்டில் ஒரு குடோன், கடம்பூரில் ஒரு கல்யாண மண்டபம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆள் உயரத்துக்குத் தோண்டிச் சரள் அடிக்கும் என் முறையைப் பார்த்து இஞ்சினியர்களே பிளானைத் திருத்தினார்கள். இருந்தாலும் நான் செய்ததில் பெரியது ஒரு வேப்பமரக் கதவுதான்.

தொண்ணூறுகளில் பசுவந்தனை ரோட்டில் கட்டிய ஆபீஸ் அது. மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காயும் அறைக்கு, வீட்டுக் கதவு போல உள்பக்கம் திறக்கும்படி மாட்டியிருந்தேன். வெளியே திறந்தால் லட்சுமியை வெளியே தள்ளுவதாகும் என்பது முதலாளியின் பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பால் காய்ச்சிய அன்று சூப்பர்வைசர் அக்கா வந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் பட்ட தீத்தழும்பு அவருக்கு முழங்கை வரை உண்டு. கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, இருவது பொம்பளைய உள்ள இருந்து வந்து மோதுனா, இதை எப்படி இழுத்துத் தொறக்கது?"

"லட்சுமி போயிருவான்னு மொதலாளி சொல்லுதாரே."

"நாங்க போவ வழியில்லாத எடத்துக்கு அவ எதுக்கு வரப்போறா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கதவை மாற்றாமல் அக்கா உள்ளே வர மாட்டார். அவர் வராமல் ஒருத்தியும் வர மாட்டாள். முதலாளி வெளியூர் போயிருந்தார். அவரைக் கேட்காமலே நிலையைப் பெயர்த்துத் திருப்பி வைத்து, கதவை வெளிப்பக்கம் மாட்டினேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், காய்ந்த குச்சிகள் அடுக்கிய கட்டை ஒன்று உரசிப் பற்றிக்கொண்டது. எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் கதவில் வந்து மோத, அது திறந்துகொண்டது. கடைசியாக வந்தவர் அக்கா. முடி பொசுங்கியதோடு சரி. ஓர் உயிர்கூடப் போகவில்லை. புகையைப் பார்த்து ஓடிவந்த என்னிடம், "கதவு நல்லாத்தான் மாட்டியிருக்கீய" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அங்கே மெஷின் குச்சி அடுக்குகிறது. அக்காவும் இல்லை. ஆபீசின் பழைய கதையைச் சொல்ல வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். முதலாளி பெயர் இருக்கிறது, இஞ்சினியர் பெயர் இருக்கிறது, ரிப்பன் வெட்டியவர் பெயர்கூட இருக்கிறது. தன்னடக்கம் எனக்குப் பழக்கமில்லை, நேராகவே கேட்கிறேன். கல்லில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் உண்டு. முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். கதவைத் திருப்பச் சொன்னவர் என்று அக்கா பெயரை வெட்டுங்கள். திருப்பி மாட்டியவன் என்று அதன் கீழே என் பெயரை வெட்டுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் உள்ளே நின்று கதவைத் தள்ளிப் பார்க்கட்டும்.