மாஸ்டர் சொல்லாமல் விட்ட ‘ங்க’

பொன்னுசாமி மாஸ்டர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. பழைய கம்பெனி ஆட்களின் குழு அது. நான் அப்போது திருப்பூரில், பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு பனியன்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். திரையில் அவர் படம். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களில் யார் யார் அவர் உயிரோடிருந்தபோது மங்கலத்திலிருந்த அவர் வீட்டை எட்டிப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் நான் கை கூப்பவும் இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் என் வாயிலிருந்து அவரைப் பற்றி ஒரு கதை கேட்டிருப்பீர்கள். டீக்கடையிலும் கல்யாண மண்டபங்களிலும் இருபத்திரண்டு வருடங்களாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். அது தவறான கதை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பொன்னுசாமி மாஸ்டர் தறி நெய்த குடும்பத்தில் பிறந்தவர். பனியன் கம்பெனிகள் பெருகியபோது கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நான் சேர்ந்த காலத்தில் கட்டிங் பகுதி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. முருகன் படம் போட்ட பழைய காலண்டர் அட்டைகளில்தான் துணிக்கு அளவு வைக்கும் பேட்டர்ன் வெட்டுவார். சாமி முகத்தில் மட்டும் கத்தரி படாது. முகத்தைச் சுற்றித்தான் கை அளவும் கழுத்தும் அமையும். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வந்து சேர்ந்த எனக்கு, அது ஒன்றுதான் அவரைவிட நான் உயர்ந்தவன் என்று நினைக்க வாய்த்த காரணம்.

வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் நேராக என் மேசைக்கு வந்துவிடுவார்.

“இங்கிலீஷ் தம்பி, இதுல என்னங்க சொல்றாங்க?”

“கை நீளம் பத்தலையாம், மாஸ்டர்.”

“அவிய கை அத்தனை நீளமுங்களா? எதுக்கும் காசு வாங்குறப்பப் பாத்துக்கோணும்.”

அவருடைய மரியாதை கம்பெனி முழுவதும் பேர்போனது. எல்லோருக்கும் ‘ங்க’ உண்டு. நூல் அறுந்தால், “மெஷினு இன்னிக்குக் கோவமா இருக்குதுங்க” என்பார். கட்டிங் மேசைக்கு அடியில் வந்து படுக்கும் நாயைக்கூட அவர் விரட்டியதில்லை. “அக்கட்ட போங்க, சாமி, துணியில முடி ஒட்டுது” என்பார். அது எழுந்து போகும்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசினார்.

குழந்தைகள் பனியன் ஆர்டர் அது. அனுப்பிய சாம்பிளுக்குத் திருத்தம் வந்தது. நேரமில்லை, மறு சாம்பிள் வேண்டாம், நேராகக் கட்டிங் போடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். தைத்து முடிந்து பார்த்தால் கழுத்து எந்தக் குழந்தையின் தலைக்குள்ளும் நுழையாது. முதலாளியின் அறையில் எல்லோரையும் நிறுத்தினார்கள். வாங்கும் கம்பெனியின் ஆளும் உட்கார்ந்திருந்தார். “இது யார் வேலை?” என்று முதலாளி மேசையைத் தட்டினார். நான் வாயைத் திறந்தேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

“நீ வெளிய போ.”

நீ. போ. நாய்க்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. என்னை அனுப்பிவிட்டு, அளவைத் தப்பாக வெட்டிய பழியை என் தலையில் கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். அன்றே வேலையை விட்டேன். சில வாரங்கள் கழித்து, மாஸ்டரைக் கட்டிங் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டுச் சாம்பிள் அறையில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். குற்றவாளி அகப்பட்டான் என்று சந்தோஷப்பட்டேன். “இங்கிலீஷ் தெரியாத ஆளு தப்பா வெட்டிட்டு என்மேல போடப் பார்த்தாரு” என்பதுதான் நான் ஊர் முழுக்கச் சொன்ன கதை. பிற்பாடு நான் தரச் சோதனையாளன் ஆனேன். பிறர் தைத்ததில் குறை கண்டுபிடிக்கும் வேலை. அது எனக்கு நன்றாகவே வந்தது.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் அவர் மகள் சுமதி போன் செய்தார்.

“அண்ணா, அப்பா போன்ல உங்க நம்பர் இருந்துச்சுங்க. ‘இங்கிலீஷ் தம்பி’ன்னு போட்டு வெச்சிருந்தாரு. மூணு பொட்டி நெறையப் பழைய சாம்பிள் இருக்குதுங்க. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வாங்க வர்றாரு. எதைக் குடுக்கறது, எதை வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. தொழில் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பக்கத்துல இருந்தா நல்லதுங்க.”

மறுக்க நினைத்தேன். ஆனால் அவர் போனில் என் பெயர் ஏன் இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று தகரப் பெட்டிகளையும் கூடத்தில் கவிழ்த்தோம். முப்பது வருடத்துத் திருப்பூர் தரையில் கிடந்தது. கோடு போட்ட பனியன்கள், புலி வரைந்தவை, சாயம் மங்கியவை, ஒரு டப்பா நிறைய பொத்தான்கள். பெங்களூர்க்காரர் இளைஞர், காதில் வளையம். நான் பழக்கதோஷத்தில் ஒரு பனியனைத் தூக்கி, “இதுல தையல் விட்டிருக்கு” என்றேன்.

“விடட்டும் சார். கலர் மங்கி, தையல் விட்டதுக்குத்தான் இப்ப கிராக்கி. புதுசா இருந்தா எங்க கடையில யாரும் தொடமாட்டாங்க.”

“நாங்க இதைத்தான் தூக்கிப் போடுவோம்.”

“போடுங்க சார், நாங்க பொறுக்கிக்கறோம்.”

சுமதி சிரித்தார். கத்தரிக்கோலும் காலண்டர் அட்டைகளும் வீட்டுக்கு, பனியன்களில் அவர் அப்பா உடுத்தியது போல் தெரிந்தவை வீட்டுக்கு, மற்றவை விற்பனைக்கு. இரண்டு குவியல்களும் வளர்ந்தன.

மூன்றாவது பெட்டியின் அடியில் அது கிடந்தது. மஞ்சள் நிறம், நான்கு வயதுக் குழந்தையின் அளவு. ஓர் அட்டை பின் அடித்துத் தொங்கியது. அதில் கடிதத்தின் வரியும், கட்டிங் ஆட்களுக்காக அதற்குக் கீழே எழுதிய தமிழும். ‘டிராப் நெக் ஒரு சென்டி’ என்பது கடிதம். தொழிலில் அதற்குக் கழுத்தைக் கீழே இறக்கு, வாய் அகலட்டும் என்று பொருள். கீழே தமிழில், ‘கழுத்து ஒரு சென்டி குறைக்கவும்’ என்றிருந்தது.

கையெழுத்து என்னுடையது.

டிராப் என்றால் குறைவது என்றுதான் கல்லூரிப் படிப்பு எனக்குச் சொல்லியிருந்தது. அதோடு, இருபத்திரண்டு வருடமாக நினைவுக்கு வராத ஒன்றும் வந்தது. கட்டிங் போடும் முன் மாஸ்டர் இந்த அட்டையோடு என் மேசைக்கு வந்தார். “குறைக்கச் சொல்றாங்களா தம்பி? ஏற்கெனவே சின்னதா இருக்குதுங்களே?” என்று கேட்டார். “இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்கு மாஸ்டர்” என்றேன், தலையைத் தூக்காமல்.

நான் அந்தப் பனியனை மடித்தேன். விற்பனைக் குவியலின் அடியில் செருகினேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

குவியலைப் பெங்களூர்க்காரர் எடுத்து அடுக்கத் தொடங்கினார். “அட, இது அட்டையோட இருக்கே! அசல்னு காட்ட இதைத்தான் கடை முகப்புல மாட்டுவேன்” என்றார்.

சுமதி அதைப் பார்த்தார். “இந்தப் பனியனா? இதை அப்பா ஒரு நாள் சாப்பாட்டுப் பையில ஒளிச்சு எடுத்துட்டு வந்தாருங்க. ஏம்ப்பான்னு கேட்டேன். ‘மொதலாளி அட்டையைக் கேட்டாரு, தொலைஞ்சு போச்சுங்க, தப்பு என்னுதுங்கன்னு சொல்லிட்டேன்’னாரு. ‘அந்தத் தம்பி ரூமுக்குள்ள நின்னா உண்மையைச் சொல்லிப் போடும், வாயி சும்மா இருக்காது, அதான் வெரட்டி உட்டேன்’னாரு.” அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “யாருன்னு மட்டும் சொல்லவே இல்லீங்க. யாரு கையெழுத்துங்ணா இது?”

பெங்களூர்க்காரர் கையை நீட்டியபடி நின்றார். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். அட்டை பெங்களூர் போய்விடும். என் கதை திருப்பூரில் இருந்துவிடும்.

“என்னுது” என்றேன். “தப்பும் என்னுது.”

சுமதி அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஊரெல்லாம் அப்பாவைச் சொல்லிட்டுத் திரிஞ்சது நீங்கதானுங்களா?”

“நான்தான்.”

“அவருக்கும் தெரியுமுங்க. ஒருத்தர் வந்து சொன்னப்ப, ‘சின்னப் பையன், வேலையை உட்ட கோவம்’னாரு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் தீரவில்லை.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாண்ணா?”

பெங்களூர்க்காரரின் கையைத் தாண்டி, அந்தப் பனியனைச் சுமதி என்னிடம் நீட்டினார். “இது விக்கறதுக்கில்லீங்க. எங்களுக்கும் வேண்டாம். உங்ககிட்ட இருக்கட்டும்.” அவர் குரலில் கோபம் இருந்தது. ‘ங்க’வும் இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் விடைபெறக் கூடாது என்பது வழக்கம். போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் பனியன் இப்போது நான் குறை எழுதும் மேசைக்கு மேலே தொங்குகிறது, அட்டை வெளிப்பக்கம் தெரியும்படி. வருகிறவர்கள் படித்துவிட்டு, “யாருங்க இப்படி எழுதுனது?” என்று சிரிக்கிறார்கள். சொல்கிறேன்.

மாஸ்டர், அன்று நீங்கள் போ என்றீர்கள். நான் எங்கும் போகவில்லை. இத்தனை வருடமும் சாத்திய அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

போயிட்டு வாங்க.