அவர் வேலை மாற்றிக் கொடுத்த வெள்ளை வயர்

நஸீர் சேர் காலமான செய்தி ஒரு காலையில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று கீழே ஒரு வரி. அந்த நேரம் என் கைத்தொலைபேசி வயரால் கம்ப்யூட்டரில் பூட்டியிருந்தது. பேரப்பிள்ளையின் படங்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு மெதுவாகப் போகிறதே, நஸீர் சேரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கணித ஆசிரியர், நான் விஞ்ஞானம். பாடசாலைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிய நாள், யார் பொறுப்பெடுப்பது என்று அதிபர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தோம். அவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அறைப் பூட்டின் திறப்பு அவர் கைக்குப் போனது அப்படித்தான்.

தவணைப் புள்ளிகள் பதியும் நாட்களில் அந்த அறையில் இருக்க இடம் கிடைக்காது. ஒருமுறை பிரதி அதிபருக்குப் பொறுமை போய்விட்டது. “நஸீர், உம்மட மெஷின் எல்லாம் ஆமை!”

“மெஷின் பாவம் சேர்,” என்றார் இவர், எழும்பாமலே. “நாலு பேர்ட பென்டிரைவையும் இந்தச் சின்ன யூ.எஸ்.பி. பெட்டியில குத்தியீக்கிறீங்க. பெட்டிக்கு வாய் நாலு. தொண்டை ஒண்டுதான்.”

இரண்டு பென்டிரைவ்களைக் கழற்றி நேரே கம்ப்யூட்டரில் குத்தினார். மற்றவை ஓடத் தொடங்கின. அடுத்த பாடத்தில் நான் அதைப் பிள்ளைகளுக்கு ஓர் உதாரணத்தோடு சொன்னேன். காலி நகருக்குப் போகும் காலி வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் வெள்ளவத்தையில் என் ஒழுங்கைக்குள் ஒரு ஆட்டோதான் நுழையலாம். அந்த ஆட்டோவின் வேகந்தான் நான் வீட்டுக்கு வரும் வேகம். இந்த உதாரணத்தைக் கேட்டுவிட்டு நஸீர் சேர், “நல்லம் டீச்சர், ஆனா உங்கட ஒழுங்கையில மாடும் நிக்குமே,” என்றார்.

அவரை நான் முழுதாக அறிந்தது ஓய்வுபெற்ற பிறகு, ஒரே ஒரு பகலில்.

என் கணவர் இறந்து ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசத்துக்கு மகன் பிரதீபன் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தான். கணவருக்குப் படம் பிடிப்பதில் பைத்தியம். கல்யாண வீடு, பாடசாலை விழா, கடற்கரையில் நடக்கும் நாய் வரைக்கும் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வேறு எங்கும் இல்லை. அவற்றைக் கொண்டுபோக மகன் ஒரு புதிய டிஸ்க் வாங்கி வந்திருந்தான். ஆனால் உறவினர் வீடுகளுக்குப் போய்வந்ததிலே நாட்கள் போய், திரும்பிப் போகும் நாள் காலையில்தான் அதைப் பூட்டினான். திரையில் பதினொரு மணித்தியாலம் என்று காட்டியது. மாலை ஆறு மணிக்கு அவன் விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும்.

“விடுங்கோ அம்மா. பிறகு கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்கோ.”

பிறகு என்ற சொல்லை நம்பும் வயதை நான் கடந்திருந்தேன். கடற்காற்று எங்கள் ஒழுங்கையில் மின்விசிறியைத் தின்னும், பூட்டைத் தின்னும். அந்தக் கம்ப்யூட்டரை எவ்வளவு காலத்துக்கு விட்டுவைக்கும்? நஸீர் சேருக்கு அழைப்பெடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில், பஸ்ஸில் நின்றபடியே வந்து, “டீச்சர் ஈக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டு படியேறினார்.

அதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன், டிஸ்க்கின் வயரை மாற்றினேன், வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்தினேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன்.

“இதுல எதால வேகம் கூடின, எதால குறைஞ்ச?” என்று கேட்டார்.

“தெரியாது சேர்.”

“முப்பது வருஷம் பிள்ளையளுக்கு ஆய்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்த? ஒரு நேரத்துல ஒண்ட மட்டும் மாத்துங்கண்டு. இப்ப வீட்டுல டீச்சரே மூண்ட மாத்தீக்கிறீங்க.”

பிரதீபன் சிரித்தான். அந்தக் காலை அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே வைக்கச் சொன்னார். ஒரே ஒரு வீடியோவைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதையே அனுப்பி, எடுத்த நேரத்தைத் தாளில் எழுதினார். டிஸ்க்கின் வயரை மாற்றினார், எடுத்தது அதே நேரம். பழையபடி வைத்துவிட்டு மென்பொருளை நிறுத்தினார், அதற்கும் அதே நேரம். பிறகு டிஸ்க்கைப் பூட்டியிருந்த நீளமான வெள்ளை வயரைக் கையால் தொட்டபடியே போய் அலுமாரிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே கம்ப்யூட்டரின் பெட்டி உறை போட்டபடி நின்றது. கடற்காற்றுப் படாமல் நான் தைத்த உறை. பெட்டியின் முதுகு உள்சுவரோடு ஒட்டியிருந்தது.

“இந்த வயர் எங்க போய்ச் சேருது? உறையக் கழட்டிப் பாக்கவா டீச்சர்?”

“அதை அப்பா பூட்டினவர்,” என்றான் மகன், எனக்காக. “அம்மா ஒருத்தரையும் தொட விடுறேல்லை.”

குனிய முடியாமல் போன கடைசி மாதங்களில், கதிரையில் இருந்தபடியே எதையும் குத்துவதற்காகக் கணவர் இழுத்துவைத்த வயர் அது. ஒரு வருடமாக நான் அதன் தூசியைக்கூடத் துடைக்கவில்லை. மகனும் அதனால்தான் அதன் நுனியிலே டிஸ்க்கைப் பூட்டியிருந்தான்.

நஸீர் சேர் அவசரப்படுத்தவில்லை. சுவரில் இருந்த கணவரின் படத்தைப் பார்த்தார். “ஐயா பூட்டின வயர்ல ஒரு பிழையுமில்ல டீச்சர். கீபோர்டுக்கு அது மிச்சம் நல்லம். இவ்வளவு பாரத்தை அதுக்கிட்டக் குடுத்தது நாங்க.”

நானே உறையைக் கழற்றினேன். பின்பக்கத்தில், வாங்கிய நாளிலிருந்து ஒன்றுமே குத்தாத இரண்டு நீல நிற யூ.எஸ்.பி. வாய்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. வெள்ளை வயர் பக்கத்திலிருந்த கறுப்பு வாயில் இருந்தது. “கறுப்பு பழைய வழி, நீலம் வேகமான புது வழி,” என்று சொல்லி, டிஸ்க்கின் சொந்த வயரை நேரே நீல வாயில் குத்தினார். திரையில் பதினொன்று, மூன்றுக்கும் கீழே வந்தது.

காத்திருந்த நேரத்தில் மூவரும் சோறு சாப்பிட்டோம். போவதற்கு முன் நஸீர் சேர் வெள்ளை வயரில் கீபோர்டைப் பூட்டி, அதன் கழுத்தில் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டி, “கீபோர்டுக்கு மட்டும்” என்று எழுதினார். “மெதுவான வயர வீசத் தேவையில்ல. வேலைய மாத்திக் குடுத்தாச் சரி.”

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் நின்றுபோனது. நஸீர் சேர் வந்து காதை வைத்துக் கேட்டார். “இது முடிஞ்சி டீச்சர். படமெல்லாம் மகன்ட கையில ஈக்குது தானே,” என்று சொல்லிப் புது டிஸ்க் ஒன்று போட்டுத் தந்தார். அதன் பிறகு அவர் என் படியேறவில்லை.

செய்தி வந்த அன்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் மனைவி ஃபரீனா என் கையை விடவில்லை. “எல்லார்ட மெஷினையும் பாத்த மனிசன் டீச்சர். தன்ன மட்டும் வீடியோ எடுக்க விடல்ல. அவர்ட குரல் எங்கட்ட இல்ல.”

எனக்கு அவருடைய பிரியாவிடை விழா நினைவுக்கு வந்தது. கணவர் கமராவோடு முன்வரிசையில் இருந்தார். அன்றிரவே பிரதீபனிடம் கேட்டேன். அவன் அந்த டிஸ்க்கில் தேடி எடுத்து அனுப்பினான். நான்கு நிமிடம். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான் பெரிசா ஒண்டும் செய்யல்ல, திறப்ப வெச்சிருந்தேன், அவ்வளவுதான்,” என்கிறார் அதில்.

பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் நான் குத்தப் போனபோது ஃபரீனா தடுத்தார். “அங்க வாணாம் டீச்சர். பின்னால நீலத்துல குத்துங்க. அவர் எப்பவும் சொல்ற.” குத்தினேன். வீடியோவில் அவர் பேசி முடித்ததும், “இன்னொருக்கா போடுங்க,” என்றார் ஃபரீனா. ஐந்து தரம் போட்டோம்.

இனி நான் அவரை அழைத்துக் கேட்க முடியாது. நேரங்கள் எழுதிய அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமையை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். வெள்ளை வயரும் இருக்கிறது. பிளாஸ்டரின் ஓரம் சற்றுக் கழன்றுவிட்டது, எழுத்து அழியவில்லை. இதை அந்தக் கீபோர்டில்தான் தட்டுகிறேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. அதற்கு அந்த வயர் போதும்.