சாயாத பொழுதில் பத்து மணி நேரம்

முசரவாக்கத்துக் கனகமாலா ஐம்பத்தெட்டு வயது வரை பொழுது சாய்ந்த பின் ஒரு பருக்கையும் வாயில் வைத்தவள் இல்லை. நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீடுகளின் வழக்கம் அது. கல்யாணப் பந்தி தாமதமானால், மேற்கே ஒரு பார்வை பார்ப்பாள். "நீங்க மெதுவா போடுங்கமா, சூரியனை நான் பிடிச்சி வெக்கறேன்" என்று சிரித்துவிட்டு வெறும் வயிற்றோடு எழுந்துவிடுவாள்.

1973 ஆனி மாதம். லண்டனில் இருந்த மகள் மதனவதிக்குப் பிரசவம் நெருங்கியது. "மூணு வருசமா நம்ம மனுசங்க யாரும் இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டதில்ல. நீ வந்து இறங்குற அன்னிக்கே என் கையால சாப்பிடணும்மா" என்று எழுதியிருந்தாள்.

மகன் தேவகுமாருக்குக் காஞ்சிபுரத்தில் நெல் மண்டி. அங்கே அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய விமான டிக்கெட்டைப் பிரித்து விரல் விட்டு எண்ணினான்.

"பம்பாய்லேர்ந்து நாலாயிரத்து ஐந்நூறு மைல். பத்து மணி நேரமாம். காலையில எட்டுக்குக் கிளம்பினா சாயந்தரம் ஆறு. அவ வீட்டுக்குப் போறதுக்குள்ள எட்டாயிடும்மா."

"இருட்டிடும்."

"ஆமா. இதுல இறங்குற நேரம் மத்தியானம் ஒன்றரைன்னு வேற போட்டிருக்கான். கிளார்க்கு தூங்கிக்கினே எழுதியிருக்கான்."

கனகமாலாவின் முகம் வாடியது. விரதத்தை விட மனமில்லை. பிள்ளைத்தாய்ச்சி போடும் தட்டைத் தள்ளவும் மனமில்லை.

பக்கத்துக் கடை ஜரிகை வியாபாரி அப்துல் சத்தார் எட்டிப் பார்த்தார். குவைத்தில் இருக்கும் தம்பியைப் பார்க்க விமானத்தில் போய் வந்தவர்.

"கிளார்க்கு சரியாத்தான் எழுதியிருக்கான் தேவகுமாரு. அந்தப் பாட்டை நான் பட்டிருக்கேன். ரமலான்ல நோன்போட ஏறினேன். பயணத்துல விடலாம், எனக்குத்தான் வீம்பு. வாட்சுல ஆறரை ஆச்சு, பேரீச்சம்பழத்தைக் கையில எடுத்துக்கினேன். சன்னல்ல பார்த்தா சூரியன் நிக்குது. ஏழு, எட்டு... நிக்குது. மேக்கே போற விமானமாச்சேம்மா, சூரியனும் கூடவே ஓடியாருது. ஒம்பதுக்குத்தான் பழம் வாய்க்குள்ள போச்சு."

"லண்டன் இன்னும் மேக்கேயா பாய்?"

"குவைத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல. அவங்க ஊர்ல மத்தியானம் ஒன்றரைக்கே இறங்கிடுவீங்க."

கனகமாலா வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க பட்டினி கெடந்த நேரமெல்லாம் எனக்குச் சாப்பாட்டு நேரம்."

"ஒரே சூரியன்தாம்மா. வயிறுதான் வேற வேற."

விமானத்தில் அவள் கண்ணை மூடவே இல்லை. வயலில் காவல் இருப்பவளைப் போல சன்னலோரம் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டே போனாள். அது எங்கும் போகவில்லை.

மதனவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெய்ச்சோறும் பாசிப்பருப்பும் பரிமாறினாள். கனகமாலாவின் கைக்கடிகாரத்தில் இரவு எட்டு. வெளியே பட்டப்பகல்.

"மூணரைதாம்மா ஆவுது. வாட்சைத் திருப்பி வெச்சிக்கோ."

"இருக்கட்டும்டி. ராத்திரி எட்டு மணிக்குச் சோறு எப்படி இருக்குதுன்னு இன்னிக்காவது பார்த்துக்கறேன்" என்று முதல் கவளத்தை உருட்டினாள். பிறகு இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள்.