பூ மடிக்கும் பேப்பர்

மாட்டுத்தாவணி பூச்சந்தை, காலை ஏழு மணி. வெளிநாட்டில் விற்காமல் போய் எடைக்கு வந்த ஆங்கிலப் பேப்பரில்தான் இந்தக் கடையில் மல்லிகை மடிக்கிறார்கள். மடிக்கும் அக்கா இலங்கை அகதி முகாமிலிருந்து வருகிறவர். மல்லிகை வாங்க நிற்கும் என்னிடம் ஒரு தாளை நீட்டுகிறார்.

"என்ன எழுதியிருக்கு, தங்கச்சி?"

விடுதலை கேட்கும் ஏதோ ஒரு நாட்டின் படம். எண்ணிப் பார்க்கிறேன்: பதினோரு பெண்கள், இரண்டு கஞ்சி அண்டா, ஒரு பெயர்ப் பதிவேடு. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. கீழே 'கிளர்ச்சியாளர்களின் ஆதரவுக் கும்பல்' என்று போட்டிருக்கிறது. படித்துச் சொல்கிறேன்.

"எங்களையும் கும்பல் எண்டுதான் எழுதினவங்கள். என்ர மனுசன் வாசிகசாலையில சனத்துக்குக் கஞ்சி ஊத்தினவர். பேப்பரில படம் வந்து மூண்டாம் நாள் ஆமிக்காரர் வந்து அவரைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். இண்டைக்கும் வரேல்ல."

"யக்கா, கதைய நிறுத்துங்க, பூ வாடுதுல்ல!" என்கிறார் கடைக்காரர்.

அக்கா அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அதே படம். அதற்கடுத்ததும் அதேதான். கட்டு முழுக்க ஒரே நாள் பேப்பர். கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார். பிறகு அந்தப் பெண்கள்மேல் என் மல்லிகையைக் கொட்டி மடிக்கிறார்.