தொம்மை காப்பாற்றிய பூசை ரசம்

எங்கள் தோட்டத்துக் கோயில்பிள்ளை தொம்மைக்கு எழுத்து வாசனை கிடையாது. புளிப்பு வாசனை நன்றாகத் தெரியும். திருச்செந்தூர்ப் பக்கம் பனையேறியாக இருந்தவர். கப்பலேறி வந்து, கோலா பிலா சாலையிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குத் தென்னை ஏறினார். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. துரை அவரை ஊருக்கு அனுப்பப் பார்த்தார். மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து பூசை வைக்க வரும் பிரெஞ்சுக்காரச் சாமியார் குறுக்கே வந்து, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்தார். கோயில் என்றதும் கோபுரத்தையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, சில பெஞ்சுகள், ஒரு மாதா சுரூபம், பூட்டுப் போட்ட ஓர் அலமாரி. அதற்குள்தான் பூசைக்கு உரிய திராட்சை ரசப் போத்தல் இருக்கும்.

பூசைக்கு அசல் திராட்சை ரசம்தான் வேண்டும். போலியானாலும், கெட்டுப்போனாலும், வைத்த பூசை பூசையாகாது. அது வேதக்காரர்களின் சட்டம். சாமியார் ஒவ்வொரு தடவையும் எடுப்பதோ கொஞ்சம். மீதி அடுத்த மாதம் வரைக்கும் தகரக் கூரைக்குக் கீழே வேகும். ஒருநாள் மூடியைத் திறந்தபோது தொம்மையின் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரசம் புளிக்க ஆரம்பித்திருந்தது.

வேறொருவர் என்றால் சாமியாருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார். பனையேறிக்கு இது ஒரு காரியமா? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது என்பது அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துப் போத்தலில் போட்டு ஆட்டி வைத்தார். புளிப்பு அடங்கியது. ஆண்டவருடைய பானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அலமாரியைப் பூட்டினார். அதன்பிறகு புளிப்பு தலைதூக்கும்போதெல்லாம் இதே வைத்தியம்தான்.

அந்த வருஷம் அவர் மனைவி மதலேனாள் பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. ஆற்றில் வெள்ளம், சாமியாரால் வர முடியவில்லை. பாவத்தைச் சாமியாரிடம் சொல்லித் தீர்க்கும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் அவள் போனதுதான் தொம்மையை அரித்தது. மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் வெந்து தீரும் உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் நிற்பாளே என்று, லயத்து வாசலில் உட்கார்ந்து சாயங்காலம் தோறும் அவளுக்காக ஜெபமாலை சொன்னார். எங்களுக்கே கேட்கச் சகிக்காது.

அடுத்த மாதம் சாமியார் வந்து அவள் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தார். அன்றிலிருந்து தொம்மை வேறு ஆள். "இனி ஒண்ணும் பயமில்லலா. அவ மோட்சத்துக்குப் போயிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். ஜெபமாலையையும் நிறுத்திவிட்டார். மனுஷன் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததே அப்போதுதான். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பூசைக்கு முன்னால் சாமியார் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக மண்டி. ரசத்தின் நிறமும் மங்கிப் பழுப்பாக இருந்தது. சிரம்பான் கடைக்காரர் இராஜமாணிக்கம் பிரெஞ்சு ரசம் என்று சொல்லி எதையோ காய்ச்சி விற்கிறார் என்று சாமியாருக்குச் சந்தேகம்.

"இல்ல சாமி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. சுண்ணாம்பு நாந்தான் போட்டேன். புளிக்காம இருக்கட்டும்னு."

சாமியார் போத்தலைக் கீழே வைத்தார். அவர் பேசுவது புத்தகத் தமிழ். "எப்பொழுதிலிருந்து, தொம்மை?"

"மதலேன் சாகறதுக்கு முன்னாலேர்ந்து, சாமி."

"சுண்ணாம்பு மட்டும் என்றால் பெரிய தவறில்லை. அதற்குள் இருப்பது இன்னும் திராட்சை ரசம்தானா என்பதே கேள்வி. அதை என் நாக்கு சொல்லாது. சோதிக்க வேண்டும்."

அன்று பூசை நடக்கவில்லை. பாதிப் போத்தலை அரக்கு வைத்து மூடி, சிங்கப்பூரில் சர்க்கார் ரசாயனக்காரருக்கு அனுப்பினார். எவனோ ஒரு வெள்ளைக்காரன் அதைக் காய்ச்சி வடித்து, அது எந்தப் பழத்தில் பிறந்தது, இப்போது என்னவாக இருக்கிறது என்று சொல்வானாம். தொம்மைக்கு அது பிடிபடவே இல்லை. "சீசாவுக்குள்ள இருக்கறத அவன் பாத்துருவான். பூச பலிச்சதா இல்லையான்னு பாப்பானாலா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன கண்டேன்? 

காத்திருந்த நாட்களில் அவர் ஜெபமாலையைக் கையில் எடுப்பார், திரும்ப வைப்பார். அவளுக்காக மறுபடி வேண்டினால் வைத்த பூசையை நம்பாதது போலாகும். வேண்டாவிட்டால் அவளைக் கைவிட்டது போலாகும். இந்த இழுபறியில் சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். பாவம், யாரால் என்ன செய்ய முடியும்?

பதில் வந்ததும் சாமியார் பூசை நாள் வரைக்கும் பொறுக்காமல் மோட்டாரில் நேரே வந்தார். கோயிலில் தொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழில் சொன்னார். நானும் இருந்தேன். இராஜமாணிக்கத்தின் மேல் தப்பில்லை. அது அசல் திராட்சையில் பிறந்த ரசம்தான். ஆனால் பெரும்பகுதி புளித்துக் காடியாக, அதாவது வினிகராக மாறிவிட்டது. மாறி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். சுண்ணாம்பு புளிப்பை அடக்கியதால் நாக்குக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் மதலேனாளுக்கு வைத்த பூசையும் பூசையாகியிருக்காது.

"சுண்ணாம்பு போடாம இருந்திருந்தா?" என்றார் தொம்மை.

சாமியாருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "முதல் சொட்டிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். வேறு போத்தல் எடுத்திருப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைப்போய் இந்த மனுஷனிடம் சொல்ல வேண்டுமா? ஆனால் யார்மேல் கோபப்படுவது என்றுதான் இன்றைக்கும் தெரியவில்லை. சாமியார் உடனே, கையோடு கொண்டுவந்த புதுப் போத்தலை உடைத்து, மதலேனாளுக்காகத் திரும்பவும் பூசை வைத்தார். தொம்மை இடுப்பு வலியோடு முழந்தாளிலேயே இருந்தார். பூசை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரும் தொம்மை. இப்பொழுது எல்லாம் சரியாயிற்று" என்றார் சாமியார்.

"இன்னைக்குச் சரி சாமி. இத்தன மாசமா அவ எங்க இருந்தா?"

"ஆண்டவருடைய இரக்கம் பெரியது. அதை அவரிடம் விட்டுவிடும்."

"நா அவளுக்காக வேண்டறதையே வுட்டுட்டேன் சாமி. அதோட நின்னேனா? அவதான் மோட்சத்துல இருக்காளேன்னு, தெனமும் அவகிட்டயே வேண்டிக்கிட்டேன்." தொம்மை இரண்டு கையாலும் சாமியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டார். "நெருப்புல நின்னவகிட்டப் போயி, எனக்குச் சளி புடிச்சிருக்கு, கொஞ்சம் பாத்துக்கடின்னு கேட்டிருக்கேன் சாமி."